மறுமொழி: சப்ஜீனோமிக் ஆர்.என்.ஏ – ‘ஈற்றுப்படி’ என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

முயல் ரத்தக்கசிவு நோய் வைரஸ் பற்றித் தமிழில் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும் நம் கால்நடை மருத்துவ நண்பர் ‘சப்ஜீனோமிக் ஆர்.என்.ஏ’ என்பதற்குச் சொல் கேட்டிருந்தார். வைரஸின் முழு மரபணுத்தொகையோடு கூடவே, அதன் ஒரு பகுதியை மட்டும் கொண்டு செல்லுக்குள் உருவாகும் குட்டை ஆர்.என்.ஏ அது. துணை மரபணுத்தொகை ஆர்.என்.ஏ, துண்டு ஆர்.என்.ஏ, இடைத்தொடக்க ஆர்.என்.ஏ, செயல்படி என்று நான்கு முன்மொழிவுகள் வந்திருக்கின்றன. நான்குமே யோசித்துச் சொன்னவைதான். ஆனால் நான்கிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. என் முன்மொழிவு ‘ஈற்றுப்படி’. ஏன் என்பதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வைரஸில் இந்தச் சிறிய ஆர்.என்.ஏ ஓரத்தில் கிடக்கும் விஷயம் இல்லை. தொற்றில் பாதிக் கதை இதைச் சுற்றித்தான் நடக்கிறது.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். இந்த வைரஸ் காலிசிவைரஸ் குடும்பம், லாகோவைரஸ் பேரினத்தைச் சேர்ந்தது. 1984இல் சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில், ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த அங்கோரா முயல்களில் முதலில் தென்பட்டது. கல்லீரலைத் தாக்கி, வளர்ந்த முயலை இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடும். அதன் மரபணுத்தொகை நேர்மறை (அதாவது ரைபோசோம் நேரடியாக வாசிக்கக்கூடிய) ஒற்றை இழை ஆர்.என்.ஏ, வாலில் வரும் ஏ-வரிசையைச் சேர்க்காமல் 7,437 நியூக்ளியோடைடு நீளம். 10ஆவது எழுத்தில் தொடங்கும் ஒரே நீண்ட வாசிப்புச் சட்டகம் 2,344 அமினோ அமிலங்கள் கொண்ட ஒற்றைப் புரதத் தொடராக மொழிபெயர்க்கப்படுகிறது. அந்தத் தொடருக்குள்ளேயே புரதத்தை வெட்டும் நொதியும் இருக்கிறது. அது தொடரை ஏழு இடங்களில் வெட்டி எட்டுப் புரதங்களாகப் பிரிக்கிறது. கடைசியில் வருவது விபி60 என்னும் உறைப்புரதம். அதற்கு முன்னால் ஆர்.என்.ஏ-வைப் படியெடுக்கும் நொதியான பாலிமரேஸ், அதற்கும் முன்னால் வெட்டும் நொதி, ஆர்.என்.ஏ-வின் முன்முனையில் இணையும் விபிஜி என்னும் சிறு புரதம், இன்னும் சில.

இப்போது நோயுற்ற முயலின் கல்லீரலிலிருந்து ஆர்.என்.ஏ-வைப் பிரித்து, ஜெல்லில் ஓட்டி நீளவாரியாகப் பிரித்து, குறிப்பிட்ட வரிசையோடு மட்டும் ஒட்டும் துருவியால் (probe) தேடும் நார்தர்ன் பிளாட் சோதனை செய்வதாக வைத்துக்கொள்வோம். மரபணுத்தொகையின் முன்பகுதிக்கு ஏற்ற துருவியைப் போட்டால் ஒரே ஒரு பட்டை தெரியும், சுமார் 7,400 நீளத்தில். பின்பகுதிக்கு ஏற்ற துருவியைப் போட்டால் இரண்டு பட்டைகள்: அதே பெரியது ஒன்று, சுமார் 2,200 நீளத்தில் சின்னது ஒன்று. அந்தச் சின்னதுதான் நாம் பெயர் தேடும் ஆள். மரபணுத்தொகையின் கடைசி முப்பது சதவீதம், ஏ-வால் உட்பட, தனி மூலக்கூறாக நிற்கிறது. முன்பகுதித் துருவிக்கு அது அகப்படாது, பின்பகுதித் துருவிக்கு மட்டும் அகப்படும். இந்த ஒரு பண்பைப் பெயர் சொல்லிவிட்டால் போதும், மற்றதெல்லாம் விளக்கத்தில் வரலாம் என்பது என் நிலைப்பாடு.

அது ஏதோ உடைந்து விழுந்த மிச்சமும் இல்லை. 1991இல் இந்த வைரஸின் முழு வரிசை வெளியான அதே காலத்தில் இன்னொன்றும் தெரியவந்தது. பெரியது, சிறியது இரண்டின் முன்முனையிலும் விபிஜி புரதம் இணைந்திருக்கிறது, இரண்டுமே வைரஸ் துகளுக்குள் அடைக்கப்படுகின்றன. அதாவது சின்ன ஆர்.என்.ஏ-வுக்குச் சொந்தத் தலையும் உண்டு, வாலும் உண்டு, துகளுக்குள் இடமும் உண்டு.

சரி, வைரஸுக்கு இது எதற்கு? விபி60 ஏற்கெனவே நீண்ட தொடரின் கடைசியில் கிடைக்கிறதே என்று கேட்கலாம். கிடைக்கிறது. ஆனால் ஒரு துகளின் உறைக்கு 180 விபி60 வேண்டும். நீண்ட தொடரை மட்டும் நம்பினால், 180 உறைப்புரதம் செய்யும்போது 180 பாலிமரேஸும் 180 வெட்டும் நொதியும் கூடவே வந்து நிற்கும். அவ்வளவு தேவையில்லை. சின்ன ஆர்.என்.ஏ-விலிருந்து ரைபோசோம் நேரடியாக விபி60-ஐ எடுத்தால் அந்த விரயம் இல்லை. தொற்றின் பிற்பகுதியில் உறைப்புரதம் குவிவதற்கு இதுதான் வழி. இதைத் தெரிந்துகொண்ட பிறகு முன்மொழிவுகளைப் பார்ப்போம்.

> சப் என்றால் துணை. சப்-இன்ஸ்பெக்டர் துணை ஆய்வாளர்தானே. ‘துணை மரபணுத்தொகை ஆர்.என்.ஏ’ என்றே வைத்துவிடலாம். வாசகருக்கும் மூலச் சொல் நினைவுக்கு வரும்.

ஐயா, இங்கே ‘சப்’ பதவியைச் சொல்லவில்லை, அளவைச் சொல்கிறது. முழுத் தொகைக்குக் குறைவானது, அவ்வளவுதான். தமிழில் ‘துணை’ என்றதும் உதவிக்கு நிற்பது, இரண்டாம் நிலையில் உள்ளது என்ற பொருள் வந்துவிடும். உறைப்புரதத்தைக் குவிக்கும் மூலக்கூறை எதற்கு இரண்டாம் நிலைக்குத் தள்ள வேண்டும்? அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. தானாகப் பெருக முடியாத வைரஸுக்கு உதவி செய்யும் வைரஸைத் ‘துணை வைரஸ்’ என்று சொல்வதுதான் தமிழில் இயல்பு. அந்த இடத்துக்குத் ‘துணை’யை விட்டுவைக்க வேண்டும். இங்கேயும் செலவழித்துவிட்டால், அடுத்த கட்டுரையில் துணை வைரஸின் துணை ஆர்.என்.ஏ என்று எழுதி நாமே குழம்புவோம்.

> ‘துண்டு ஆர்.என்.ஏ’ எளிமையாக இருக்கிறது. பள்ளி மாணவருக்கும் புரியும்.

எளிமையாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முயலுக்கு வரும் ஆர்.என்.ஏ வைரஸ்களிலேயே ரோட்டாவைரஸும் இருக்கிறது. அதன் மரபணுத்தொகை பதினொரு இரட்டை இழைத் துண்டுகளாக இருப்பது. ஒவ்வொரு துண்டும் மரபணுத்தொகையின் ஓர் அங்கம், ஒன்று இல்லாவிட்டால் தொகை முழுமை அடையாது. நம் சின்ன ஆர்.என்.ஏ அப்படியில்லை. அதில் உள்ள அத்தனை எழுத்துகளும் பெரிய ஆர்.என்.ஏ-விலும் இருக்கின்றன. அதை எடுத்துவிட்டாலும் மரபணுத்தொகையில் ஓர் எழுத்தும் குறையாது. ‘துண்டு’ என்றால் எதையோ வெட்டி எடுத்தது என்ற எண்ணமும் வரும். பெரிய ஆர்.என்.ஏ-வை வெட்டி இது உருவாவதில்லை, பாலிமரேஸ் இதைத் தனியாகப் படியெடுக்கிறது. ஆய்வகத்தில் சிதைந்துபோன ஆர்.என்.ஏ-வுக்கும் துண்டு என்றுதான் சொல்வோம். மூன்று பொருளுக்கு ஒரு சொல் தாங்காது.

> எப்படி உருவாகிறது என்பதைச் சொல்வதுதான் நல்ல கலைச்சொல். ‘இடைத்தொடக்க ஆர்.என்.ஏ’ என்றால் பாலிமரேஸ் நடுவில் தொடங்குவது தெரிந்துவிடும்.

இந்த முன்மொழிவுதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முயல் காலிசிவைரஸுக்கு அப்படியே பொருந்துகிறது. எதிர்மறை இழையில் (மரபணுத்தொகையைப் பெருக்க அச்சாகச் செல்லுக்குள் எழுதப்படும் எதிர் இழை), பாலிமரேஸ் மரபணு முடிந்து விபி60 தொடங்கப்போகும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு தொடக்கி வரிசை (promoter) இருக்கிறது. பாலிமரேஸ் அதை அடையாளம் கண்டு நடுவிலிருந்தே படியெடுக்கத் தொடங்குகிறது. இடைத்தொடக்கம் என்பது சரியான வருணனைதான்.

ஆனால் எல்லா வைரஸும் இப்படிச் செய்வதில்லை. சில தாவர வைரஸ்களில் எதிர்மறை இழையை எழுதும்போதே பாலிமரேஸ் பாதியில் நின்றுவிடும். அந்தக் குட்டை எதிர்மறை இழையை வைத்துக்கொண்டு பிறகு நேர்மறையைப் படியெடுக்கும். கொரோனாவைரஸில் வழியே வேறு: எதிர்மறை இழையை எழுதிக்கொண்டே வரும் பாலிமரேஸ் ஓரிடத்தில் தாவி, மரபணுத்தொகையின் முன்முனைக்குப் போய், அங்கே உள்ள ஒரு சிறிய முன்வரிசையையும் சேர்த்து எழுதி முடிக்கும். மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர். தமிழில் உருவாகும் வழியைப் பெயருக்குள் வைத்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சொல் தேட வேண்டிவரும். ‘இடைத்தொடக்கம்’ என்ற சொல்லை அந்த வழிமுறைக்கு வைத்துக்கொள்வோம். பெறும் பொருளுக்கு வேறு பெயர் இருக்கட்டும்.

> ‘செயல்படி’ எப்படி? இந்த ஆர்.என்.ஏ இருந்தால் வைரஸ் செல்லுக்குள் செயல்படுகிறது என்று பொருள். கொரோனா காலத்தில் இதை வைத்துத்தானே தொற்று உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

பார்த்தார்கள், அது எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்ற விவாதமும் அப்போதே எழுந்தது. முயல் வைரஸில் அந்த முடிவுக்கு வருவதில் இன்னும் ஆபத்து அதிகம். மேலே சொன்னேனே, சின்ன ஆர்.என்.ஏ துகளுக்குள்ளேயே அடைபட்டு வெளியே வருகிறது. ஆகவே ஒரு மாதிரியில் அது இருப்பதை மட்டும் வைத்து அங்கே வைரஸ் பெருகுகிறது என்று சொல்ல முடியாது. வேறிடத்திலிருந்து வந்து படிந்த துகளிலும் அது இருக்கும். பெருக்கத்துக்குச் சான்று வேண்டுமென்றால் எதிர்மறை இழையைத் தேடுவதுதான் முறை. ‘செயல்படி’ என்று பெயர் வைத்தால், பெயரே வாசகரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோய்விடும். கலைச்சொல்லில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான்.

அதனால்தான் ஈற்றுப்படி. ‘ஈறு’ நமக்கு இலக்கணத்திலிருந்து நன்கு பழகிய சொல். சொல்லுக்கு முதல், இடை, ஈறு என்று பிரித்துப் பேசுவது நம் வழக்கம். வெண்பாவின் கடைசி அடி ஈற்றடி, சொல்லின் கடைசி எழுத்து ஈற்றெழுத்து. ஆர்.என்.ஏ-வும் ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடியும் எழுத்து வரிசைதான், ரைபோசோம் அதை ஒரே திசையில்தான் வாசிக்கும். எனவே முன்முனையை முதல் என்றும் பின்முனையை ஈறு என்றும் சொல்வதில் எந்த வலிந்த பொருளும் இல்லை. ‘படி’யோ பாடநூல்களில் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. டி.என்.ஏ-விலிருந்து ஆர்.என்.ஏ எடுப்பதைப் படியெடுத்தல் என்றுதான் மாணவர் படிக்கிறார். ஈற்றிலிருந்து எடுத்த படி ஈற்றுப்படி. இதற்கு இணையாக, தலை முதல் வால் வரை உள்ள பெரிய ஆர்.என்.ஏ-வை ‘முழுப்படி’ என்று சொல்லிவிடலாம். துகளுக்குள் போகும் ஒவ்வொரு மரபணுத்தொகையும் எதிர்மறை இழையிலிருந்து எடுத்த படிதான் என்பதால் பொருளும் கெடவில்லை. முழுப்படி, ஈற்றுப்படி. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்தாலும் தட்டாது.

முயலின் மற்ற ஆர்.என்.ஏ வைரஸ்களிலும் சொல்லை வைத்துப் பார்த்தேன். முயல்களில் 2009இல் சீனாவில் அறியப்பட்ட ஹெபடைடிஸ் ஈ வைரஸில், உறைப்புரதமும் இன்னொரு சிறு புரதமும் ஒரே சின்ன ஆர்.என்.ஏ-விலிருந்து வருகின்றன. அதுவும் பின்முனைப் பகுதியின் படி, எனவே ஈற்றுப்படி. ஆஸ்ட்ரோவைரஸிலும் உறைப்புரதம் அப்படித்தான். ரோட்டாவைரஸுக்கு இந்தச் சொல் பொருந்தவில்லை, பொருந்தவும் கூடாது. அதற்குத் துண்டுதான் சரி.

முயல் கொரோனாவைரஸில்தான் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. 2012இல் சீனாவிலிருந்து அறிவிக்கப்பட்ட எச்.கே.யு14 வகையைச் சொல்கிறேன். அதன் சின்ன ஆர்.என்.ஏ-க்கள் பல நீளங்களில் இருக்கும். எல்லாவற்றுக்கும் பின்முனை பொது, ஆனால் ஒவ்வொன்றின் தலையிலும் மரபணுத்தொகையின் முன்முனையிலிருந்து வந்த முன்வரிசை ஒட்டியிருக்கும். அப்படியானால் அது ஈற்றுப்படியா? என் கருத்து: ஆமாம், ‘முன்வரிசை ஏந்திய ஈற்றுப்படி’ என்று சொன்னால் போதும். புரதம் வருவதெல்லாம் ஈற்றுப் பகுதியிலிருந்துதான். ஆனாலும் கொரோனாவைரஸில் வேலை செய்பவர்கள் இங்கே இருந்தால் அவர்கள் கருத்தை நான் எதிர்பார்க்கிறேன். இந்த ஓர் இடத்தில் மட்டும் சொல் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது.

‘ஈற்று’ என்பதில் கால்நடை மருத்துவ நண்பரே ஒரு தடை சொல்லியிருந்தார், அதை ஒதுக்கிவிட முடியாது:

> எங்கள் துறையில் ஈற்று என்றால் கன்று ஈனுதல். தலையீற்று, இரண்டாம் ஈற்று என்றுதான் பேசுகிறோம். முயல் பற்றிய கட்டுரையில் ஈற்றுப்படி என்று வந்தால், ஓர் ஈற்றில் போட்ட குட்டிகளைப் பற்றி ஏதோ சொல்கிறார்கள் என்று நினைக்கமாட்டார்களா?

நல்ல கேள்வி. அதுவும் இந்த நோயில் குட்டியின் வயது முக்கியம் வேறு. பழைய வகை வைரஸ் தாக்கினாலும் சின்னக் குட்டிகள் பெரும்பாலும் தப்பித்துவிடும், 2010இல் பிரான்ஸில் வெளிப்பட்ட இரண்டாம் வகை குட்டிகளையும் கொல்லும். ஆகவே ஒரே கட்டுரையில் குட்டி ஈனலும் ஆர்.என்.ஏ-வும் வரும். நான் மாற்றாக யோசித்தது ‘கடைப்படி’. ஆனால் அது மாடிப்படியின் கடைசிப் படியை நினைவூட்டுகிறது, ‘கடை’ என்றாலே மட்டம் என்ற பொருளும் ஒட்டிக்கொள்கிறது. ‘இறுதிப்படி’ என்றால் திருத்தி முடித்த கடைசிப் பிரதி என்றுதான் யாரும் படிப்பார்கள். இந்த இரண்டையும்விட ஈற்றுப்படியில் குழப்பம் குறைவு. கட்டுரையில் குட்டி போடுவதை ‘ஈனல்’, ‘ஒரே சூலில் பிறந்த குட்டிகள்’ என்று எழுதிவிட்டு, ‘ஈற்று’ என்ற வடிவத்தை ஆர்.என்.ஏ-வுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் சிக்கல் வராது. முதன்முறை வரும் இடத்தில் ‘ஈற்றுப்படி ஆர்.என்.ஏ’ என்று முழுதாக எழுதுவதும் உதவும்.

இடத்தைச் சொல்லும் பெயர் வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமானது. லாகோவைரஸ்கள் தங்களுக்குள் மரபணுப் பகுதிகளை மாற்றிக்கொள்கின்றன. ஒரே செல்லில் இரண்டு வகைகள் புகுந்தால், ஒன்றின் முன்பகுதியும் மற்றொன்றின் பின்பகுதியும் சேர்ந்த கலப்பு வைரஸ் உருவாகலாம். அப்படி ஒட்டுப்போடும் இடம் பெரும்பாலும் எங்கே தெரியுமா? பாலிமரேஸ் மரபணுவும் விபி60 மரபணுவும் சந்திக்கும் எல்லையில். ஈற்றுப்படி தொடங்கும் அதே இடம். இரண்டாம் வகை வைரஸ் பரவிய விதத்தைப் பார்த்தால், உறைப்புரதப் பகுதி இரண்டாம் வகையுடையதாகவும், முன்பகுதி பழைய நோய் வைரஸுடையதாகவோ நோய் உண்டாக்காத முயல் காலிசிவைரஸுடையதாகவோ உள்ள கலப்புகள் பல இடங்களில் கிடைத்திருக்கின்றன. 2017இல் வந்த புதிய பெயரிடல் முறையும் இதை ஒட்டித்தான் அமைந்தது. கலப்பு வைரஸின் பெயரில் முதலில் பாலிமரேஸ் எந்த மரபணுவகை, அடுத்து உறைப்புரதம் எந்த மரபணுவகை என்று இரண்டையும் சேர்த்து எழுதுகிறார்கள்.

இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: “ஈற்றுப்படி தொடங்கும் எல்லையில் இரண்டு வைரஸ்கள் ஒட்டியிருக்கின்றன, ஈற்றுப் பகுதி ஒன்றுடையது, முதற்பகுதி மற்றொன்றுடையது.” வேறெந்த விளக்கமும் இல்லாமல் வாசகருக்கு எல்லை எங்கே என்று தெரிந்துவிடுகிறது. ‘துணை மரபணுத்தொகை ஆர்.என்.ஏ தொடங்கும் எல்லை’ என்று எழுதினால், அது தொகையின் எந்தப் பக்கம் என்று இன்னொரு வாக்கியம் எழுதவேண்டியிருக்கும்.

ஆய்வகத்திலும் இதே பயன் உண்டு. விபி60 பகுதிக்குத் தொடங்கிகளை (primers) அமைத்துப் பி.சி.ஆர் அளவீடு செய்தால் முழுப்படியும் ஈற்றுப்படியும் சேர்ந்தே எண்ணப்படும். அந்த எண்ணிக்கையை அப்படியே ‘மரபணுத்தொகை இத்தனை’ என்று எழுதினால் உண்மையைவிட அதிகமாகிவிடும். முன்பகுதிக்குத் தொடங்கிகளை அமைத்தால் முழுப்படி மட்டும் கணக்கில் வரும். ‘ஈற்றுப்படி’ என்ற பெயரை ஒருமுறை புரிந்துகொண்ட மாணவர் இதைத் தானே கண்டுபிடித்துவிடுவார்.

கூடவே கேட்டிருந்த இன்னொரு சொல்லையும் (ஆங்கிலத்தில் டெர்மினேஷன்-ரீஇனிஷியேஷன்) சுருக்கமாகப் பார்த்துவிடுகிறேன். விபி60 முடிந்ததும், அதே ஆர்.என்.ஏ-வில் விபி2 என்னும் சிறு உறைப்புரதம் வருகிறது. இங்கே நிறுத்தக் குறியனும் தொடக்கக் குறியனும் (குறியன் என்பது மூன்றெழுத்துக் குறி, codon) எட்டே எழுத்துகளுக்குள் நெருங்கி நிற்கின்றன: ஏ-யு-ஜி-யு-சி-யு-ஜி-ஏ. கடைசி மூன்றெழுத்தான யு-ஜி-ஏ விபி60-க்கு நிறுத்தம். முதல் மூன்றெழுத்தான ஏ-யு-ஜி அடுத்த புரதத்துக்குத் தொடக்கம். ரைபோசோம் நிறுத்தத்தில் நின்ற பிறகு முழுதாக விலகிப் போகாமல், சற்றுப் பின்வாங்கி மறுபடி தொடங்குகிறது. நிறுத்தத்துக்கு முன்னால் உள்ள ஏறத்தாழ 80 நியூக்ளியோடைடு பகுதி அதைப் பிடித்து வைக்கிறது. அந்தப் பகுதியில் உள்ள ஒரு சிறு வரிசை ரைபோசோமின் 18எஸ் ஆர்.என்.ஏ-வோடு இணை சேரக்கூடியது. இந்த நிகழ்வுக்கு ‘நின்று தொடங்கல்’ என்று வைக்கலாம். ‘மீள்தொடக்கம்’ என்று ஏற்கெனவே ஒருவர் சொன்னார், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நிற்பது இல்லாமல் இந்தத் தொடக்கம் நடக்காது. நிறுத்தக் குறியனை மாற்றிவிட்டால் விபி2 வெகுவாகக் குறைந்துவிடும். அந்த நிபந்தனை பெயரிலேயே இருப்பது எனக்கு விருப்பம். இதில் பெரிய பிடிவாதம் இல்லை, பெரும்பான்மையோர் மீள்தொடக்கம் என்றால் அப்படியே ஆகட்டும்.

விபிஜி, விபி60, விபி2 ஆகியவற்றைத் தமிழாக்க வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அவை உலகெங்கும் நிலைத்துவிட்ட சுருக்கப் பெயர்கள். வரிசைத் தரவுகளில் தேடுகிறவருக்கு அந்த வடிவம் அப்படியே வேண்டும். விபிஜி முன்முனையில் இணைந்திருப்பது அதன் 21ஆவது அமினோ அமிலமான டைரோசின் வழியாக என்று விளக்கத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

கலைச்சொல் பட்டியலுக்கு நான் எழுதியிருக்கும் பதிவு இது. திருத்தம் இருந்தால் வரியைக் குறிப்பிட்டு எழுதுங்கள், குறிப்பாகக் கொரோனாவைரஸ் பற்றிய பகுதியில்:

“ஈற்றுப்படி ஆர்.என்.ஏ: நேர்மறை இழை ஆர்.என்.ஏ வைரஸ்கள் சிலவற்றில், மரபணுத்தொகையின் பின்முனைப் பகுதியை மட்டும் தனியாகக் கொண்டு செல்லுக்குள் உருவாகும் குட்டை ஆர்.என்.ஏ. பின்முனை முழுப்படியோடு பொதுவாக இருக்கும். பெரும்பாலும் உறைப்புரதம் போன்ற கட்டமைப்புப் புரதங்களுக்கு உரியது. சில வைரஸ்களில் தலையில் முன்வரிசை சேர்ந்திருக்கும். முயல் ரத்தக்கசிவு நோய் வைரஸில் நீளம் ஏறத்தாழ 2,200 நியூக்ளியோடைடு, முன்முனையில் விபிஜி இணைந்தது, துகளுக்குள்ளும் அடைபடுவது. ‘துண்டு’, ‘துணை வைரஸ்’ என்பவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இணைச்சொல்: முழுப்படி.”